சின்ன இதயத்துக்குத் தனி அளவு

மருத்துவம்

குழந்தையின் ஈ.சி.ஜி.யைப் பெரியவர்களின் அளவுகோலால் படித்தால், நோய் இல்லாத குழந்தை நோயாளி ஆகிறது. நோய் உள்ள குழந்தையோ கண்ணில் படாமலே போகிறது.

ஐந்து வயதுச் சிறுமிக்கு டான்சில் ஆபரேஷன். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன், எதற்கும் இருக்கட்டும் என்று ஓர் ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள். இயந்திரத்திலிருந்து நீண்டு வரும் தாளின் மேல் ஓரத்தில் இரண்டு வரிகள் அச்சாகியிருக்கின்றன. இயல்புக்கு மாறானது என்கிறது முதல் வரி. இதயத்தின் முன்சுவருக்கு ரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம் என்கிறது இரண்டாவது வரி. ஆபரேஷன் தள்ளிவைக்கப்படுகிறது. தாய்க்கு அன்றிரவு தூக்கம் இல்லை. இனிமேல் பள்ளிக்கூடத்தில் ஓடவிடக் கூடாது என்று பாட்டி தீர்ப்பு சொல்லிவிடுகிறார்.

இந்தியாவின் எந்த நகரத்திலும் நடக்கக்கூடிய காட்சி இது. சிறுமியின் இதயத்தில் எந்தக் கோளாறும் இல்லை. இயந்திரமும் சரியாகத்தான் வேலை செய்தது. பெயர், வயது என்று அது கேட்ட இடத்தில், ஈ.சி.ஜி. எடுத்தவர் பெயரை மட்டும் அடித்துவிட்டு வயதை விட்டுவிட்டார். வயது தெரியாவிட்டால், படுத்திருப்பவர் பெரியவர் என்றே பல இயந்திரங்கள் எடுத்துக்கொள்ளும். மார்பில் வைக்கும் ஆறு மின்முனைகளில் முதல் மூன்றில், 'டி' எனப்படும் அலை தலைகீழாக விழுந்திருந்தது. ஐம்பது வயதுக்காரருக்கு அப்படி இருந்தால் டாக்டர்கள் பரபரப்பாக வேண்டியதுதான். ஐந்து வயதில் அதுதான் இயல்பு.

அந்த 'இயல்பு' என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் எழுபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட உழைப்பு இருக்கிறது. நோயாளிகளைச் சோதிப்பதைவிடக் கடினமான வேலை அது. நோயே இல்லாத ஆயிரக்கணக்கான குழந்தைகளைத் தேடிப் பிடித்து, அழாமல் படுக்கவைத்து, ஒவ்வொரு அலையையும் அளந்து அட்டவணை போட வேண்டும். யாருடைய குழந்தைகளை அளந்தார்கள், எந்தக் கருவியால் அளந்தார்கள் என்பதைப் பொறுத்து அந்த அட்டவணை மாறும். அட்டவணை மாறினால், யார் நோயாளி என்பதும் மாறும்.

வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு

பெரியவரின் இதயத்தைச் சுருக்கிவிட்டால் குழந்தையின் இதயம் ஆகிவிடாது. கருப்பையில் இருக்கும்வரை நுரையீரல் மூச்சு விடுவதில்லை; அதற்குள் ரத்தம் புகுவதும் கொஞ்சம்தான். உடம்புக்கு ரத்தம் அனுப்பும் வேலையில் இதயத்தின் வலது கீழறைக்கே பெரும் பங்கு. அதனால் பிறந்த சிசுவின் வலது கீழறைச் சுவர், இடது கீழறைக்குச் சளைக்காத தடிப்போடு இருக்கிறது. முதல் அழுகையோடு நுரையீரல் விரிகிறது. வலப்பக்கத்தின் சுமை இறங்குகிறது. உடம்பு முழுவதற்கும் ரத்தத்தைத் தள்ளும் பொறுப்பை இடது கீழறை ஏற்கிறது. வாரங்கள் மாதங்களாக, இடப்பக்கம் தடித்து வலப்பக்கத்தை முந்திவிடுகிறது.

இந்த அதிகார மாற்றம் அப்படியே ஈ.சி.ஜி.யில் பதிவாகிறது. சிசுவின் அலைகள் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். இதே சாய்வு பெரியவரிடம் தெரிந்தால் நுரையீரல் ரத்த அழுத்தமோ, வால்வுக் கோளாறோ என்று சந்தேகிப்பார்கள். 'டி' அலையின் கதை இன்னும் விசித்திரமானது. மார்பெலும்பின் வலது ஓரத்தில் வைக்கும் மின்முனையில், பிறந்த ஓரிரு நாட்களுக்கு அது நிமிர்ந்திருக்கும். ஒரு வாரத்துக்குள் தலைகீழாகிவிடும். பிறகு ஏழெட்டு வயதுவரை, சிலருக்குப் பதின்பருவம்வரை, அப்படியே இருக்கும். நான்கு வயதுக் குழந்தையிடம் அந்த அலை நிமிர்ந்து நின்றால்தான் வலது கீழறை தடித்திருக்கிறதா என்று டாக்டர் பார்க்க வேண்டும். பெரியவருக்கு நல்ல அடையாளமாக இருப்பது குழந்தைக்கு எச்சரிக்கை ஆகிறது.

துடிப்பின் வேகமும் நேர்கோட்டில் போவதில்லை. பிறந்த அன்று நிமிடத்துக்குச் சராசரியாக 123 துடிப்பு. பிறகு அது குறையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் முதல் மாதத்தில் ஏறுகிறது. ஒன்றிலிருந்து மூன்று மாதக் குழந்தைக்குச் சராசரி 150. அதன் பின்புதான் இறக்கம்: ஒன்றிலிருந்து மூன்று வயதில் 119, பன்னிரண்டிலிருந்து பதினாறு வயதில் 85. இவையும் சராசரிகள்தான். மூன்று மாதக் குழந்தையின் இதயம் 121 முறை துடித்தாலும் இயல்பு, 179 முறை துடித்தாலும் இயல்பு.

மூச்சை உள்ளே இழுக்கும்போது துடிப்பு விரைவதும், வெளியே விடும்போது தளர்வதும் ஆரோக்கியமான குழந்தைகளிடம் பளிச்சென்று தெரியும். நாடி சீராக இல்லை என்று பதறி ஓடிவரும் பெற்றோர் பலர். பெரும்பாலும் அது நல்ல இதயத்தின் அடையாளம். ஆரோக்கியமான பிள்ளைகளுக்கு 24 மணி நேரப் பதிவுக் கருவியைக் கட்டிப் பார்த்தால், தூக்கத்தில் துடிப்பு சற்றே நின்று தொடர்வதும், இடையில் ஒன்றிரண்டு துடிப்புகள் முந்திக்கொண்டு வருவதும்கூடக் காணக் கிடைக்கின்றன.

கியூபெக்கிலிருந்து ராட்டர்டாம்வரை

மனித இதயத்தின் மின்னோட்டத்தை உடம்பைத் திறக்காமல் முதலில் பதிவு செய்தவர் அகஸ்டஸ் வாலர். 1887இல், லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில். அதைத் துல்லியமாக அளக்கும் கருவியைக் கொண்டுவந்தவர், ஹாலந்தின் லைடன் நகரில் பணிபுரிந்த வில்லெம் ஐந்தோவன். கை, கால்களை உப்பு நீர்ப் பாத்திரங்களில் அமிழ்த்திக்கொண்டு அவருடைய கருவியின் முன் அமர வேண்டும். அலைகளுக்கு பி, க்யூ, ஆர், எஸ், டி என்று பெயரிட்டவரும் அவரே. 1924இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஏற்பாட்டில் பெரியவரை உட்காரவைக்கலாம். கைக்குழந்தையை எப்படி உட்காரவைப்பது? குழந்தைகளுக்கான கணக்கு பிந்தி வந்ததில் வியப்பில்லை.

அமெரிக்க டாக்டர் ராபர்ட் ஸீக்லர் 1951இல், இயல்பான சிசுக்கள், குழந்தைகளின் ஈ.சி.ஜி. பற்றித் தனி நூலே வெளியிட்டார். ஆனால் உலகெங்கும் டாக்டர்களின் மேஜைக்கு வந்து சேர்ந்தது 1979-80இல் கனடாவின் கியூபெக் மாகாணத்திலிருந்து வந்த அட்டவணைதான். ஆந்த்ரே டாவின்யோனும் அவருடைய சகாக்களும் பிறந்த குழந்தையிலிருந்து பதினாறு வயதுவரை 2,141 பேரின் ஈ.சி.ஜி.க்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அளந்தார்கள். வயதுகளைப் பன்னிரண்டு பிரிவுகளாக்கினார்கள். முதல் மாதத்துக்கு மட்டுமே நான்கு பிரிவுகள். இதயம் அவ்வளவு விரைவாக மாறும் காலம் அது. மேலே சொன்ன துடிப்புக் கணக்கு இந்த அட்டவணையில் உள்ளதுதான். பாடப் புத்தகங்களும் இயந்திரங்களும் பல ஆண்டுகள் இதையே பின்பற்றின.

அளக்கப்பட்ட 2,141 பேரும் வெள்ளையினக் குழந்தைகள். அதைவிட நுட்பமான குறை ஒன்றும் இருந்தது. அன்றைய கம்ப்யூட்டர் ஒரு வினாடிக்கு 333 முறை அலையைத் தொட்டுப் பார்த்தது. அதாவது 3 மில்லி வினாடிக்கு ஒரு முறை. குழந்தைகளின் அலைகளோ ஊசி முனைபோலக் கூர்மையானவை. ஒரு தொடுகைக்கும் அடுத்த தொடுகைக்கும் நடுவில் உச்சி வந்துவிட்டால், உச்சியின் உயரம் குறைந்தே பதிவாகும்.

நெதர்லாந்தின் ராட்டர்டாமில் பீட்டர் ரைன்பேக்கும் சகாக்களும், பதினொரு நாள் குழந்தையிலிருந்து பதினாறு வயதுவரை 1,912 டச்சுக் குழந்தைகளை மறுபடி அளந்தார்கள். இம்முறை வினாடிக்கு 1,200 தொடுகைகள். 2001இல் முடிவுகள் வெளியாயின. அலைகளின் உயரத்துக்கான மேல் எல்லைகள் பல இடங்களில் பழைய அட்டவணையைவிட உயர்ந்தன. இதன் பொருள் எளிது. புதிய கருவியில் எடுத்த ஈ.சி.ஜி.யைப் பழைய அட்டவணையோடு ஒப்பிட்டால், ஆரோக்கியமான சில பிள்ளைகளுக்கு இதயச் சுவர் தடித்திருப்பதாக எழுதிவிட நேரும். இதயம் மாறவில்லை, அளந்த கோல்தான் மாறியது.

ஆண், பெண் வேறுபாடும் இதில் வெளிப்பட்டது. 2018இல் வட அமெரிக்காவில் 2,400 ஆரோக்கியமான குழந்தைகளை அளந்து வெளியான ஆய்வு, இன வேறுபாடும் கணக்கில் வர வேண்டும் என்று காட்டியது. ஆக, எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவான ஒரே இயல்பு என்பது, தேடத் தேட நழுவிக்கொண்டே போகிறது.

நூற்றில் நால்வர்

இயல்பின் எல்லையை எப்படிக் குறிக்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்வது பெற்றோருக்கும் உதவும். நூறு ஆரோக்கியமான குழந்தைகளை ஓர் அலையின் உயரப்படி வரிசையில் நிறுத்துகிறார்கள். கீழே இருவரையும் மேலே இருவரையும் விலக்கிவிட்டு, நடுவில் நிற்கும் 96 பேரின் அளவை இயல்பு என்கிறார்கள். விலக்கப்பட்ட நால்வருக்கும் நோய் எதுவும் இல்லை. வரிசையின் ஓரத்தில் நின்றதுதான் அவர்கள் செய்த தவறு.

ஓர் அளவுக்கே நூற்றில் நால்வர். ஓர் ஈ.சி.ஜி. தாளிலோ அளவுகள் டஜன் கணக்கில் உண்டு. பத்து அளவுகளை மட்டும் பார்ப்பதாகவும், அவை ஒன்றையொன்று சாராதவை என்றும் வைத்துக்கொண்டால், ஆரோக்கியமான மூன்று குழந்தைகளில் ஒன்றுக்கு ஏதாவது ஓர் அளவாவது எல்லைக்கு வெளியே விழும். உண்மையில் அளவுகள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால் விகிதம் இதைவிடக் குறையும். ஆனாலும் எல்லையைத் தாண்டுவது வேறு, நோய் வேறு என்ற பாடம் மாறாது.

இந்தப் பாடத்தைக் கடினமான முறையில் கற்பித்த ஆய்வு ஒன்று உண்டு. இத்தாலிய டாக்டர் பீட்டர் ஷ்வார்ட்ஸும் சகாக்களும் 1976 முதல் 1994வரை, பிறந்து மூன்று நான்கு நாளான 34,442 சிசுக்களுக்கு ஈ.சி.ஜி. எடுத்தார்கள். தூக்கத்தில் காரணமின்றி நேரும் தொட்டில் மரணங்களுக்கு இதயத்தின் மின்னோட்டம் காரணமா என்பதே கேள்வி. ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு கீழறைகள் மறுபடி மின்னேற்றம் பெற்றுத் தயாராகும்வரை உள்ள நேரத்துக்கு க்யூ-டி இடைவெளி என்று பெயர். அது நீண்டால் துடிப்பு தடம்புரளலாம். 1998இல் வெளியான முடிவின்படி, ஓராண்டுக்குள் அப்படி இறந்த 24 குழந்தைகளில் 12 பேருக்கு, துடிப்பு வேகத்துக்கேற்பத் திருத்திய இந்த இடைவெளி 440 மில்லி வினாடிக்கு மேல் இருந்தது.

மருத்துவ உலகம் அதிர்ந்தது. உடனே எதிர்க்கேள்வியும் எழுந்தது. 440 என்பது, நூறு சிசுக்களில் இரண்டு மூன்று பேர் தாண்டிவிடும் எல்லை. முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோரில் கணக்குப்படி சுமார் 800 பேர் அந்தக் கோட்டுக்கு அப்பால் இருந்திருக்க வேண்டும். இறந்தவர்கள் 12 பேர். மற்றவர்கள் நன்றாகவே வளர்ந்தார்கள். எல்லையைத் தாண்டிய எல்லோருக்கும் மருந்து கொடுப்பதா? எண்ணூறு வீடுகளில் பயத்தை விதைப்பதா? பன்னிரண்டு பேரைக் கைவிடுவதா? அதன் பிறகு இத்தாலியில் மூன்றாவது, நான்காவது வாரத்தில் 44,596 குழந்தைகளுக்கு ஈ.சி.ஜி. எடுத்தார்கள். பிறவியிலேயே இந்த இடைவெளி நீளும் நோய் சுமார் 2,000 பேரில் ஒருவருக்கு இருக்கிறது என்று 2009இல் கணக்குச் சொன்னார்கள். ஆரோக்கியமானவர்களை இவ்வளவு பேரை அளந்திருக்காவிட்டால் அந்த எண் கிடைத்திருக்காது.

கால் மில்லிமீட்டர்

அளப்பதில் எவ்வளவு கவனம் தேவை என்பதற்கும் இதே இடைவெளி நல்ல உதாரணம். ஈ.சி.ஜி. தாள் வினாடிக்கு 25 மில்லிமீட்டர் நகர்கிறது. ஒரு சிறு கட்டம் 40 மில்லி வினாடி. கட்டத்தின் கால் பங்கு தவறாகப் படித்தால் 10 மில்லி வினாடி பிழை. இதைத் துடிப்பு வேகத்துக்கேற்பத் திருத்த, பிரிட்டிஷ் டாக்டர் பாஸெட் 1920இல் தந்த சூத்திரத்தைத்தான் இன்றும் பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள். நிமிடத்துக்கு 150 துடிப்புள்ள குழந்தையிடம் அந்தச் சூத்திரம் 10 மில்லி வினாடிப் பிழையை ஏறக்குறைய 16 ஆகப் பெருக்கிவிடும். துடிப்பு விரைய விரையச் சூத்திரமே மிகைப்படுத்தும் என்பது அதன் தெரிந்த குறை. அழுதுகொண்டிருக்கும் குழந்தையின் ஈ.சி.ஜி.யை வைத்து க்யூ-டி பற்றி முடிவெடுக்கக் கூடாது என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான்.

அனுபவமுள்ள டெக்னீஷியன்கள் இதற்கு நேரம் பார்ப்பார்கள். பால் குடித்துத் தூங்கும் குழந்தைக்கு எடுப்பது எளிது. குளிரூட்டிய அறையில் சட்டையைக் கழற்றினால் குழந்தை நடுங்கும். அந்த நடுக்கமும் தாளில் ஏறும். சின்ன மார்பில் ஆறு மின்முனைகளை நெருக்கிவைக்கும்போது ஜெல்லி ஒன்றோடொன்று கலந்துவிட்டால், ஆறும் ஒரே படத்தையே காட்டும். விலா எலும்புகளுக்கு நடுவே ஓர் இடைவெளி மேலே வைத்துவிட்டாலும் அலை மாறிவிடும். சிசுக்களுக்கு வலது மார்பிலும் ஒரு மின்முனை வைத்துப் பார்ப்பது வழக்கம். அவசரத்தில் அது மறந்துபோகும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. கோடு நடுக்கமில்லாமல் அழகாக வர வேண்டும் என்பதற்காக, 40 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வுகளை வடிகட்டும் பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். கோடு அழகாகிறது, கூர்மையான அலைகளின் தலை மழுங்குகிறது. பச்சிளங்குழந்தைகளுக்கு 250 ஹெர்ட்ஸ்வரை பதிவாவது நல்லது என்று அமெரிக்க இதயச் சங்கத்தின் 2007ஆம் ஆண்டுப் பரிந்துரைகள் சொல்கின்றன. வடிகட்டிய தாளை வடிகட்டாத தாள்களின் அட்டவணையோடு ஒப்பிடுவது, சோப்பு நுரையோடு துணியை நிறுப்பதுபோலத்தான்.

தப்பிப்போகும் நோய்

பெரியவர் அளவுகோலால் வரும் ஆபத்து வீண் பயம் மட்டுமல்ல. பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாமல் இருந்துவிடுவதும் உண்டு. இந்தியாவுக்கு இது மிகவும் பொருந்தும்.

தொண்டை வலியில் தொடங்கி, மூட்டுகளை வீங்கவைத்து, இதய வால்வுகளைக் கெடுப்பது ருமாட்டிக் காய்ச்சல். நெரிசலான வீடுகளில் வாழும் பள்ளிப் பிள்ளைகளை அது அதிகம் பிடிக்கிறது. அதைக் கண்டுபிடிக்க அமெரிக்க டாக்டர் டக்கெட் ஜோன்ஸ் 1944இல் வகுத்த விதிகளில் ஈ.சி.ஜி.க்கும் இடம் உண்டு. மேலறையில் பிறக்கும் மின்துடிப்பு கீழறைக்கு வந்து சேரும் நேரம், அதாவது பி-ஆர் இடைவெளி, நீண்டிருந்தால் அது ஒரு துணை அடையாளம். பெரியவருக்கு 200 மில்லி வினாடிவரை இயல்பு. மூன்றிலிருந்து பன்னிரண்டு வயதுவரை 160தான் எல்லை. அதற்கு மேல் பதினாறுவரை 180.

மூட்டு வீங்கிக் காய்ச்சலோடு வரும் பத்து வயதுப் பையனுக்கு இந்த இடைவெளி 190 என்று வைத்துக்கொள்ளலாம். வயது பதியாத இயந்திரம் இயல்பு என்று அச்சடிக்கும். டாக்டர் வயதுக்குரிய அட்டவணையைப் பார்த்தால், ருமாட்டிக் காய்ச்சலுக்கான சான்றுகளில் ஒன்று கூடுகிறது. மற்ற அடையாளங்களும் சேர்ந்து நோய் உறுதியானால், மூன்று நான்கு வாரங்களுக்கு ஒரு முறை பெனிசிலின் ஊசி. வால்வுகளைக் காப்பாற்ற வழி உண்டு. விட்டுவிட்டால், அந்தப் பையன் இருபது வயதில் மூச்சிரைப்போடு வால்வு ஆபரேஷனுக்கு வரிசையில் நிற்க நேரலாம். 2015இல் திருத்தப்பட்ட ஜோன்ஸ் விதிகள், பி-ஆர் இடைவெளியை வயதுக்கேற்பப் பார்க்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கின்றன.

இன்னொரு நோய் தென்னிந்தியாவுக்கு நெருக்கமானது. நார்வே டாக்டர்கள் யெர்வெலும் லாங்கே-நீல்சனும் 1957இல் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். ஆறு குழந்தைகளில் நான்கு பேருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவர்கள் திடீர் திடீரென்று மயங்கி விழுந்தார்கள். மூவர் நான்கு, ஐந்து, ஒன்பது வயதுகளில் இறந்துபோனார்கள். ஈ.சி.ஜி.யில் க்யூ-டி மிக நீண்டிருந்தது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்நோய் வரும். அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கம் உள்ள ஊர்களில், இருவரும் ஒரே பழுதைச் சுமக்கும் வாய்ப்புக் கூடுதல். மயங்கி விழும்போது உடம்பு வெட்டி இழுப்பதால், இது வலிப்பு நோய் என்று பல இடங்களில் மருந்து தொடர்கிறது. பிறவியிலேயே காது கேளாத குழந்தை மயங்கி விழுந்தால், ஓடும்போதோ பயத்திலோ சத்தம் கேட்டோ எந்தக் குழந்தை சுருண்டு விழுந்தாலும், குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென்று இறந்திருந்தாலும், ஓர் ஈ.சி.ஜி. எடுத்துக் குழந்தை இதய நிபுணரிடம் காட்ட வேண்டும். பெரிய செலவில்லாத சோதனை அது.

எல்லாப் பிள்ளைகளுக்கும் எடுத்தால் என்ன?

ஜப்பான் அப்படித்தான் செய்கிறது. 1973இல் பள்ளிச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் மாணவர்களுக்கு இதயப் பரிசோதனை வந்தது. 1995 முதல் முதலாம், ஏழாம், பத்தாம் வகுப்புகளில் அனைவருக்கும் ஈ.சி.ஜி. கட்டாயம். அந்தத் தாள்களைச் சலித்தெடுக்க அந்நாட்டுக் குழந்தை இதய மருத்துவர்கள் தங்களுக்கென்று அளவுகோல்களை வகுத்திருக்கிறார்கள். சந்தேகத்துக்குரிய மாணவரை அடுத்த கட்டச் சோதனைக்கு அனுப்ப ஆஸ்பத்திரிகளும் இருக்கின்றன. இந்தியாவில் 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம், பதினெட்டு வயதுவரை உள்ளவர்களை அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் பரிசோதிக்கிறது. பிறவி இதயக் கோளாறும் ருமாட்டிக் இதய நோயும் அதன் பட்டியலில் உண்டு. ஊர் ஊராகப் போகும் அந்தக் குழுக்களின் கையில் நாளை சட்டைப்பையில் அடங்கும் ஈ.சி.ஜி. கருவி கொடுக்கப்பட்டால், முதல் கேள்வி கருவியின் விலையாக இருக்காது. எந்த அட்டவணையோடு ஒப்பிடுவது என்பதுதான்.

மார்புச் சதை மெலிந்த குழந்தையிடம் இதயம் மின்முனைக்கு அருகில் இருக்கிறது. அலைகள் உயர்ந்து தெரியும். போஷாக்கான கனடியக் குழந்தைகளின் எல்லையை ஜார்க்கண்டின் ஒல்லியான சிறுவனுக்குப் பொருத்தினால், நல்ல இதயத்தையும் தடித்த இதயம் என்று எழுதும் அபாயம் உண்டு. உயரம், எடை விஷயத்தில் இந்தியா இந்தப் பாதையைக் கடந்து வந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணைக்காக ஆறு நாடுகளில் குழந்தைகளை அளந்தபோது, டெல்லிக் குழந்தைகளும் அதில் சேர்ந்தார்கள். ஐந்திலிருந்து பதினெட்டு வயதுவரை இந்தியப் பிள்ளைகளுக்கென்றே இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015இல் தனி அட்டவணை வெளியிட்டது. உயரத்துக்குச் செய்ததை இதயத்துக்கும் செய்யலாம். பல மாநிலங்களில், பல வயதுகளில், ஆண் பெண் இருபாலரிலும், எக்கோ சோதனையில் நல்ல இதயம் என்று உறுதியான பிள்ளைகளை ஒரே தரமான கருவியால் அளந்தால் போதும். புதிய விஞ்ஞானம் எதுவும் தேவையில்லை. பொறுமைதான் தேவை.

அதுவரை அவசர முத்திரை குத்தாமல் இருப்பதும் ஒரு சிகிச்சைதான். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டாக்டர்கள் பெர்க்மனும் ஸ்டாமும் 1967இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. இதய நோய் இருப்பதாக வீட்டில் நம்பப்பட்ட பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு நோயே இல்லை என்று அவர்கள் கண்டார்கள். விளையாட விடாமல் வளர்க்கப்பட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். உண்மையான இதய நோயால் முடங்கும் பிள்ளைகளைவிட, இல்லாத இதய நோயால் முடங்கும் பிள்ளைகள் அதிகம் என்பது அவர்கள் வந்த முடிவு. பெண் குழந்தை என்றால் இந்தியாவில் முத்திரை இன்னும் ஆழமாகப் பதியும். கல்யாணப் பேச்சுவரை அது கூடவே வரும்.

டான்சில் ஆபரேஷன் தள்ளிவைக்கப்பட்ட சிறுமியைப் போன்றவர்கள் கடைசியில் ஒரு குழந்தை இதய நிபுணரின் அறைக்கு வந்து சேர்கிறார்கள். அங்கே பெரிய சோதனைகள் எப்போதும் தேவைப்படுவதில்லை. டாக்டர் குழந்தையைப் பார்க்கிறார், மார்பில் குழல் வைத்துக் கேட்கிறார், ஓடினால் மூச்சு வாங்குமா என்று தாயிடம் விசாரிக்கிறார். பிறகு தாளின் மேல் காலியாக இருக்கும் இடத்தில் பேனாவால் 5 என்று எழுதி, அச்சான இரண்டு வரிகளையும் அடித்துவிடுகிறார். பெற்றோர் செய்யக்கூடியதும் அதிகமில்லை. ஈ.சி.ஜி. எடுக்கும் அறையை விட்டு வெளியே வரும் முன், தாளில் குழந்தையின் வயது இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம்.